கொழும்பில் வாடகை வீடு: வழியைப் பார்த்து இடம், மீற்றரைப் பார்த்து வீடு

கொழும்புக்கு வேலை மாறி வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வெள்ளவத்தையில் வாடகை எவ்வளவு என்றுதான். அதற்கு முன் தெரிய வேண்டியது, காலை எட்டரைக்கு நீங்கள் எங்கே நிற்க வேண்டும், அங்கே எந்த வழியால் போகலாம் என்பது. மாதம் பத்தாயிரம் குறைவென்று எடுத்த வீடு, தினமும் மூன்று மணித்தியாலத்தை வீதியில் தின்றுவிடும். பஸ்ஸில் முடியாமல் வாரத்தில் நாலு நாள் பிக்மீ (ஃபோன் செயலியில் கூப்பிடும் வாடகை வண்டி) பிடித்தால் அந்தப் பத்தாயிரமும் போய்விடும்.

கொழும்புக்கு ரயில் பாதைகள் மூன்று இருக்கின்றன. கரையோரப் பாதை கோட்டையிலிருந்து கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை என்று கடலை ஒட்டி இறங்கும். பிரதான பாதை மருதானை, தெமட்டகொடை, களனி, ஹுணுப்பிட்டி, ராகம, கம்பஹா என்று போகும். மூன்றாவது களனிவெளிப் பாதை. பேஸ்லைன் வீதி, கொட்டா வீதி, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடை, மஹரகம என்று வளைந்து போகும். ஒற்றைத் தண்டவாளம், வண்டிகளும் குறைவு. அதை நம்பி வீடு எடுப்பதானால் நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

வேலை கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ என்றால் கரையோரப் பாதையில் எங்கே இருந்தாலும் சமாளிக்கலாம். காலி வீதி இறுகிக் கிடக்கும் நேரத்திலும் ரயில் போய்விடும், மாத சீசன் டிக்கெட் எடுத்தால் செலவும் கொஞ்சம். பத்தரமுல்லையில் செத்சிரிபாய, இசுருபாய போன்ற அரச அலுவலகங்களில் வேலை கிடைத்தவர் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று வெள்ளவத்தையில் வீடு எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தூரம் பெரிதல்ல, ஆனால் நகரத்தைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும், ரயிலும் உதவாது. அவர்களுக்கு நாரஹேன்பிட்டி, பொரளை, இராஜகிரிய பக்கம் பொருந்தும். மருதானை ட்ரேஸ் சிற்றி, தெமட்டகொடை ஓரியன் சிற்றி போன்ற இடங்களில் ஐடி வேலை என்றால் பிரதான பாதையில் தேடலாம். கட்டுநாயக்க வர்த்தக வலயம் என்றால் கொழும்புக்குள் வரவே வேண்டாம்; வத்தளை, ஜாஎல போதும்.

இனி, தமிழ் ஆக்கள் வழமையாகத் தேடும் இடங்கள்.

வெள்ளவத்தை, கொழும்பு 6. மரக்கறிச் சந்தை, தமிழ்க் கடைகள், டியூட்டரிகள், சைவ மங்கையர் வித்தியாலயம், யாழ்ப்பாணத்துக்கு இரவில் புறப்படும் சொகுசு பஸ்கள் எல்லாம் நடை தூரத்தில். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரியும் பக்கத்தில். இத்தனை வசதிக்கும் சேர்த்துத்தான் வாடகை. வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. "பார்க்கிங் இருக்கு" என்று சொன்னால், எந்தக் கட்டம், உங்களுக்கு மட்டும் உரியதா, முன்னால் இன்னொரு கார் நிற்குமா என்று இறங்கிப் பாருங்கள். காலி வீதிக்குக் கடற்பக்கம் உள்ள ஒழுங்கைகளில் காற்று வரும், உப்பும் வரும். ஏசியின் வெளிப்பெட்டி, ஜன்னல் கிறில், வாஷிங் மெஷினின் அடித்தகடு எல்லாம் துருப்பிடிக்கும். மேற்குப் பார்த்த அறை பின்னேரம் மூன்று மணிக்கு அடுப்பாகிவிடும். ரயில் சத்தம் இரண்டு கிழமையில் பழகிவிடும், அதற்காக வீட்டை விட வேண்டாம்.

தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை. அதே ரயில் பாதை, வாடகை கொஞ்சம் இறங்கும், 100, 101 பஸ்களும் உண்டு. இது கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் இல்லை, தனி மாநகர சபை. தெற்கே போகப் போகக் காலை ரயிலில் ஏறுவது சுலபம். வெள்ளவத்தைக்கு வரும்போது பெட்டி நிரம்பியிருக்கும்.

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13. புறக்கோட்டை, செட்டியார் தெரு, புதுக்கடை நீதிமன்றங்களில் வேலை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. வெள்ளவத்தையை விட வாடகை குறைவு, கோயிலும் தேவாலயமும் பாடசாலைகளும் நெருக்கம். ரயில் நிலையம் கிடையாது. பழைய கட்டடங்கள் அதிகம் என்பதால் கீழ்மாடிச் சுவரில் ஈரம், பழைய வயரிங் இரண்டையும் கவனமாகப் பாருங்கள். முகத்துவாரம், மட்டக்குளி பக்கம் போனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லொறிகளோடுதான் வீதியைப் பங்குபோட வேண்டும்.

வத்தளை, ஹெந்தளை. அதே பணத்துக்கு முற்றத்தோடு தனிவீடு கிடைக்கக்கூடிய இடம். ஆனால் வத்தளைக்கு ரயில் இல்லை, ஹுணுப்பிட்டி நிலையத்துக்குப் போக வேண்டும். நீர்கொழும்பு வீதியில் 240 பஸ்ஸை நம்பினால் களனி ஆற்றைத் தாண்டும் இடத்தில் காலையில் நிற்பீர்கள். 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. ஏழு மணிக்குப் பிறகு புறப்படுகிறவருக்கு அந்தக் கொஞ்சமும் தெரியாது.

களனி ஆற்றங்கரைப் பக்கம், அதாவது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, களனி, கடுவலை ஆகியவற்றில் வீடு மலிவாக வந்தால் வெள்ளத்தை விசாரிக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். 2016 மே மாதம் இந்தப் பகுதிகள் தண்ணீருக்குள் கிடந்தன, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மறுபடியும் ஆறு பெருகியது. வீட்டுக்காரரிடம் கேட்பதால் பயனில்லை. சந்தியில் நிற்கும் ஆட்டோக்காரரிடமும் பலசரக்குக் கடையிலும் "தண்ணி எவ்வளவுக்கு வந்தது?" என்று கேளுங்கள். "வந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த மதிலின் வெளிப்புறத்தில் பழைய கோடு தெரியும்.

பார்க்கப் போகும்போது

குடும்பத்தோடு வருவதென்றாலும் முதல் இரண்டு மூன்று மாதம் ஒருவர் மட்டும் போடிங்கிலோ அனெக்ஸிலோ இருந்து தேடுவதுதான் நல்லது. ஊரிலிருந்து இரண்டு நாளில் வந்து பார்த்து எடுத்த வீட்டில், அநேகமாக ஆறாம் மாதம் புரோக்கரைத் திரும்பத் தேடுவார்கள். இக்மன் இணையத்தள விளம்பரங்கள், ஞாயிறு வீரகேசரி, தினக்குரல் இவற்றோடு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து கேற்றில் தொங்கும் அறிவிப்புகளையும் பாருங்கள். புரோக்கர் கூலி பெரும்பாலும் ஒரு மாத வாடகை. வீட்டைக் காட்டுவதற்கே காசு கேட்பவரை விட்டுவிடுங்கள்.

ஒரு வீட்டை இரண்டு முறையாவது பாருங்கள்: வேலை நாளில் காலை ஏழரைக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று. காலையில் எல்லா வீட்டிலும் தண்ணீர் ஓடும் நேரம் என்பதால், குசினிப் பைப்பையும் இரண்டு குளியலறைப் பைப்புகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டு கொமட்டையும் ஃபிளஷ் பண்ணினால் அமுக்கம் தெரிந்துவிடும். மேல்மாடியில் தண்ணீர் வராவிட்டால் மோட்டர் வேண்டும். அந்த மோட்டர் யாருடைய மீற்றரில் ஓடுகிறது என்று அப்போதே கேளுங்கள். மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அழுத்துங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் திருத்தித் தரச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் வட்டத் துளைப் பிளக் இருக்கும், உங்கள் பொருட்கள் சதுரக் கால் என்றால் அடப்டர் குவிப்பதைவிட சொக்கற்றை மாற்றித் தரக் கேட்பது நல்லது. கூரைப் பீலியிலும் மொட்டைமாடியிலும் தண்ணீர் தேங்கினால் நுளம்பு வரும், கொழும்பில் டெங்கு சும்மா பேச்சல்ல. தொடர்மாடி என்றால் மாதப் பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள்ளா வெளியிலா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிப்டுக்கு மட்டுமா வீட்டுக்குமா, பைபர் இணைப்பு இழுக்க விடுவார்களா என்பதையும் கேட்டு வையுங்கள்.

மீற்றர்

வீட்டைப் பிரித்து மேல்மாடியையும் அனெக்ஸையும் வாடகைக்கு விடும் இடங்களில் மின்சார மீற்றர் ஒன்றுதான் இருக்கும். உங்களுக்கு ஒரு சப் மீற்றர், அதாவது உங்கள் பாவனையை மட்டும் அளக்கும் உள் மீற்றர், போட்டிருப்பார்கள். வீட்டு மின்கட்டணம் அலகு கூடக் கூட விலை ஏறும் படிமுறை: 60 அலகைத் தாண்டியவருக்கு 61-90, 91-120, 121-180, அதற்கு மேல் என்று படிகள். நிலையான கட்டணமும் படியோடு ஏறும். நீங்கள் 80 அலகு, வீட்டுக்காரர் 80 அலகு என்றால், தனித்தனி மீற்றரில் இருவரும் 61-90 படியில் நிற்பீர்கள். ஒரே மீற்றரில் கூட்டு 160, எனவே 121-180 படி. வீட்டுக்காரர் ஏசி போடுகிறவர் என்றால் அந்த ஏற்றத்தில் பாதி உங்கள் தலையில். ஆகவே தனி மீற்றர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் பெரும்பாலும் நட்டமில்லை. சப் மீற்றர்தான் என்றால் போன மூன்று மாத பில்லை வாங்கிப் பார்த்து, மொத்தக் கட்டணத்தை மொத்த அலகால் பிரித்து வரும் விலையே உங்கள் விலை என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கட்டணத்துக்கும் இதே கதைதான்.

காசும் கடதாசியும்

முற்பணம் என்று ஒரே சொல்லில் இரண்டு வேறு பணம் கேட்பார்கள். ஒன்று வாடகையில் கழியும் அட்வான்ஸ், மற்றது வீட்டை விடும்போது திரும்பி வரும் வைப்புப் பணம். கணக்குக்கு வாடகை 80,000 என்று வைப்போம். ஆறு மாத அட்வான்ஸ் 480,000, மூன்று மாத வைப்பு 240,000, புரோக்கருக்கு 80,000. சாவி கைக்கு வர 8 இலட்சம். ரசீதில் "அட்வான்ஸ்" என்று மட்டும் எழுதினால் எது கழியும், எது திரும்பும் என்று கடைசியில் சண்டை வரும். இரண்டையும் தனித்தனித் தொகையாக எழுதுங்கள், வங்கி மூலம் அனுப்புங்கள்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்து வைத்த தாளை ஒரு வருட ஒப்பந்தம் என்று காட்டினால் நீதிமன்றத்தில் அது குத்தகையாக நிற்காது. நொத்தாரிசுக் கட்டணத்தை யார் கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள்.

கையெழுத்து வைக்கிறவர் உண்மையில் உரிமையாளர்தானா? வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பலவற்றின் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், வாடகைக்கு விடுவது மச்சானோ பெரியம்மாவோ. அவரிடம் அற்றோணித் தத்துவம் (சொந்தக்காரர் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) இருக்க வேண்டும். அதன் பிரதியையும் ஆதன வரி (சோலைவரி) ரசீதையும் கேளுங்கள். ஓகஸ்டில் சொந்தக்காரர் விடுமுறைக்கு வந்தால் வீட்டை ஒரு மாதம் விட்டுக்கொடுக்கச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் வைக்காதீர்கள்.

சேர்க்க வேண்டிய வாசகங்கள்: இடையில் விடுவதானால் எத்தனை மாத அறிவித்தல், கழியாத அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், பெயின்ட் யார் செலவு, மோட்டர், கீசர் பழுதானால் யார் செலவு. பிள்ளை இருந்தால் இன்னொன்று: வாக்காளர் இடாப்பில் இந்த முகவரியில் பதிய வீட்டுக்காரர் சம்மதிக்கிறார் என்பது. அரச பாடசாலை முதலாம் வகுப்பு அனுமதியில் அருகில் வசிப்போருக்கு 50 வீத இடம், அதில் ஐந்து வருட வாக்காளர் பதிவுக்குப் புள்ளி உண்டு. வாடகைக்காரர் பதிவதைப் பல வீட்டுக்காரர் விரும்புவதில்லை, சாவி வாங்கிய பிறகு கேட்டால் மறுப்பார்கள். பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது என்றாலும் இது இன்றைய வேலை.

சாமான் ஏற்றும் பட்டா லொறியைப் பேசும் முன் ஒழுங்கையின் அகலத்தையும் லிப்டின் அளவையும் அளந்துகொள்ளுங்கள். மூன்று கதவு அலுமாரி லிப்டுக்குள் போகாது. தொடர்மாடிகளில் சாமான் ஏற்ற நேரக் கட்டுப்பாடு இருக்கும், முகாமையாளரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். சாவி வாங்கிய அன்றே மின், நீர் மீற்றர்களின் இலக்கத்தையும் சுவர் வெடிப்பு, உடைந்த மாபிள், கறைகளையும் படம் பிடித்து, வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அந்தக் கிழமைக்குள் அடையாள அட்டைப் பிரதிகளோடு கிராம சேவையாளரைப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் இருப்போர் விபரம் கேட்டுப் பொலிஸ் படிவம் வந்தால் நிரப்பிக் கொடுத்து ஒரு பிரதியை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.