கதையைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்க்கும் முறை: மால்குடியை முன்வைத்து

வாழ்க்கையைப் பேசும் ஒரு நூலும் அதிலிருந்து உருவான தொலைக்காட்சித் தொடரும் கிடைக்குமானால், இரண்டையும் அடுத்தடுத்து அணுகுவது தனித்தனியே அணுகுவதைவிட அதிகம் கற்றுத்தரும். இதற்கு, மால்குடி என்னும் கற்பனை ஊரை வைத்து ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளையும், சங்கர் நாக் இயக்கி 1980களின் பிற்பாதியில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘மால்குடி டேஸ்’ தொடரையும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரே ஒரு கதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். முழுத் தொடரையும் ஒரே மூச்சில் பார்த்தால் எதுவும் மனத்தில் தங்காது. கதையைப் படித்த பிறகே திரைக்குப் போக வேண்டும். நான் இந்த வரிசையை மாற்றிச் செய்தவன் என்பதால், 1935இல் வெளிவந்த ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ நாவலை இன்று எடுத்தாலும் அதன் நாயகனான சிறுவன் சுவாமியின் இடத்தில், தொடரில் அவனாக நடித்த மஞ்சுநாத்தின் முகமே வந்து நிற்கிறது. எனக்கென்று ஒரு சுவாமியைக் கற்பனை செய்துகொள்ளும் வாய்ப்பை இழந்துவிட்டேன்.

தொடங்குவதற்கு ‘தி மிஸ்ஸிங் மெயில்’ பொருத்தமான கதை. தபால்காரர் தானப்பா, தம் தெருக்களில் உள்ள ஒவ்வொரு வீட்டின் சுகதுக்கத்திலும் கலந்துகொள்பவர். அதனால் கடிதங்களைக் கொடுத்து முடிக்கவே மணிக்கணக்காகும். ராமானுஜத்தின் மகளுக்கு மே 20ஆம் தேதி திருமணம் நிச்சயமாகிறது. அந்த முகூர்த்தத்தைத் தவறவிட்டால் வரன் கைநழுவிவிடும் நிலையில், நெருங்கிய உறவினரின் உடல்நிலை மோசமாக இருப்பதாகத் தபால் கார்டும், அதைத் தொடர்ந்து அவர் இறந்துவிட்டதாகத் தந்தியும் வருகின்றன. இரண்டையும் தம்மிடமே வைத்துக்கொண்டு, கல்யாணம் முடிந்த பிறகுதான் தானப்பா அவற்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார்.

படிக்கும்போது, கதை சொல்லாமல் விட்டதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சாவுத் தீட்டு வந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கார்டில் எழுதியதை வழியில் எவரும் படித்துவிட முடியும் என்பதும், தந்தி என்றாலே வீட்டில் வயிறு கலங்கும் என்பதும், 2013 ஜூலையில் நிறுத்தப்பட்ட அந்தச் சேவையைக் கண்டிராத இளையவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். தானப்பா செய்தது சரியா என்று நாராயண் தீர்ப்புச் சொல்வதில்லை. புகார் செய்தால் தம் வேலை போய்விடும் என்று தானப்பாவே சொல்ல, புகார் செய்யப் போவதில்லை, ஆனால் இப்படிச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்ற அளவில் ராமானுஜம் நிறுத்திக்கொள்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து, நீங்கள் அவராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு எழுதினால் திரையின் சாயல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்துத் தொடரின் அத்தியாயத்தை இடையில் நிறுத்தாமல் பாருங்கள். எழுத்தில் தபால்காரரின் ரகசியத்தை வாசகரிடமிருந்தும் மறைத்து வைக்கலாம்; திரையிலோ அவருக்கு ஒரு முகம் இருக்கிறது, பந்தலுக்குள் நடமாடும்போது அந்த முகம் எதையாவது காட்டித்தான் ஆக வேண்டும். இயக்குநரும் நடிகரும் எவ்வளவு காட்டினார்கள், எந்த நொடியில் காட்டினார்கள் என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நிலத்தையும் கவனியுங்கள். நூலில் உள்ள மால்குடி வெயிலும் சரயு ஆற்று மணலுமாக நினைவில் நிற்கும் ஊர். தொடரோ கர்நாடகத்தின் ஆகும்பேயில் எடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மலைநாட்டு ஊர் அது. எல். வைத்தியநாதனின் முகப்பு இசையும் அந்தப் பசுமையும் சேர்ந்து, நூலில் உள்ள சிறு கசப்புகளைச் சற்றே இனிப்பாக்கிவிடுகின்றன என்பது என் கருத்து.

கடைசியாக, பார்த்ததை வீட்டுப் பெரியவர்களோடு பேசுங்கள். எங்கள் வீட்டில் தானப்பா செய்தது குற்றமா, உபகாரமா என்று நானும் அண்ணனும் வாதாடிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறக்காமல் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்த பெரியம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “தீட்டு, செத்த நாளிலிருந்தா, செய்தி காதில் விழுந்த நாளிலிருந்தா?”