தென்னந்தோப்பில் ஓர் அஜிலிட்டி களம்: நாயைத் தடைதாண்டும் போட்டிக்கு ஆயத்தப்படுத்தும் முறை

எங்கள் வீட்டில் நான் ‘இரு’ என்று சொன்னால் ‘பொறு, அசையாதே’ என்று பொருள். கொல்லங்கோட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் மாமியார் மலையாளத்தில் ‘இரி’ என்று சொன்னால் ‘உட்கார்’ என்று பொருள். மனிதக் காதுக்கே நூலிழை வேறுபாடுள்ள இந்த இரண்டு சொற்களையும் நாள் முழுவதும் கேட்டு வளர்ந்த எங்கள் நாய் செம்பி, அஜிலிட்டி பயிற்சியில் முதல் தடையின் முன்னே நிற்க வேண்டிய வேளையில் சில நாள் நின்றது, சில நாள் உட்கார்ந்தது, சில நாள் என் முகத்தையும் வீட்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தது. அதைப் பிடிவாதம் என்று எண்ணிப் பல வாரங்களை வீணாக்கினேன். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு செல்லும் சாலையோரத்தில், இரண்டு மொழிகள் புழங்கும் வீடுகளில் நாய் வளர்ப்போருக்கு இந்தச் சிக்கல் கட்டாயம் வரும் என்பதால், இதையே முதலில் சொல்கிறேன்.

அஜிலிட்டி என்பது, நாய் கயிறில்லாமல் ஓடி, நடுவர் எண்ணிட்டு அமைத்த தடைகளை அதே வரிசையில் குறித்த நேரத்துக்குள் கடக்கும் விளையாட்டு. நாயோடு ஓடுபவர் குரலாலும் உடலாலும் மட்டுமே வழிகாட்டலாம்; நாயையோ தடையையோ தொடக்கூடாது, கையில் தின்பண்டமோ பொம்மையோ இருக்கக்கூடாது. குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து உருவான இந்த விளையாட்டு, 1978-இல் இங்கிலாந்தின் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளை நிகழ்ச்சியாக முதன்முதலில் நடத்திக் காட்டப்பட்டது. எஃப்.சி.ஐ. எனப்படும் பன்னாட்டு நாய்வளர்ப்புக் கூட்டமைப்பு 1996 முதல் இதற்கு உலகப் போட்டி நடத்துகிறது. தடைத்தடி விழுந்தால் 5 புள்ளி, இறங்கும் பலகையின் வண்ணப் பகுதியை மிதிக்காமல் தாவினால் 5 புள்ளி, தடையின் முன் நின்றுவிட்டாலோ அதைத் தாண்டாமல் பக்கவாட்டில் கடந்துவிட்டாலோ ‘மறுப்பு’ என 5 புள்ளி என்று பிழைப்புள்ளி சேரும். மூன்று முறை மறுத்தாலோ வரிசை தவறினாலோ வெளியேற்றம்தான்.

தோள்பட்டை உயரத்தை வைத்து நாய்களைப் பிரிப்பார்கள். எஃப்.சி.ஐ. விதிப்படி 35 செ.மீ.க்குக் குறைந்தவை ஒரு பிரிவு, 35 முதல் 43 வரை ஒன்று, 43 முதல் 48 வரை ஒன்று, 48-ம் அதற்கு மேலும் ஒன்று. கோம்பை சாயல் கொண்ட நாட்டு நாயான செம்பி 46 செ.மீ. என்பதால் மூன்றாம் பிரிவில் வரும். அதற்குரிய தடை உயரம் 45 முதல் 50 செ.மீ. நம் நாட்டில் நாய்க் கண்காட்சிகளோடு சேர்த்து நடத்தப்படும் போட்டிகள் எல்லாம் ஒரே விதியில் நடப்பதில்லை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று உள்ள நாய்களை மட்டும் சேர்க்கும் போட்டிகளும் உண்டு, எல்லா நாய்களையும் வரவேற்கும் போட்டிகளும் உண்டு. எனவே பணம் கட்டுவதற்கு முன் விதிக் குறிப்பை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். நாட்டு நாய் வைத்திருப்பவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது.

வயதைப் பற்றி ஒரு வேண்டுகோள். எஃப்.சி.ஐ. போட்டிகளில் 18 மாதம் நிரம்பாத நாய் ஓட முடியாது. எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடாத குட்டியை உயரமாகத் தாண்ட வைத்தால், அந்தக் காயம் வாழ்நாள் முழுவதும் நீடிக்கலாம். எட்டு மாதக் குட்டி இரண்டடி உயரம் தாண்டுவதைப் படம்பிடித்துப் பெருமைப்படுவோரைக் காணும்போது மனம் பதைக்கிறது. குட்டிப் பருவத்தில் கற்றுத்தர வேண்டியவை வேறு: அழைத்தால் வருவது, சொன்னால் பொறுப்பது, தரையில் கிடத்திய பலகைமேல் நடப்பது, தரையில் வைத்த தடிகளை மிதிக்காமல் கடப்பது, நம் இடப்புறமும் வலப்புறமும் ஒன்றுபோல ஓடுவது. பெரிய உடல் கொண்ட இனமாக இருந்தாலோ நடையில் ஐயம் இருந்தாலோ, குதிக்கத் தொடங்குமுன் இடுப்பெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. எங்கள் பக்கத்தில் பலர் இதற்காக மண்ணுத்தி கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

களத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய் பத்தடி நீளம் வாங்கினால் நான்கடித் தடிகள் இரண்டும் இரண்டடித் துண்டு ஒன்றும் கிடைக்கும். அந்த இரண்டடித் துண்டை விரற்கடை நீளத் துண்டுகளாக்கி நெடுக்குவாட்டில் பிளந்தால், தடியைத் தாங்கும் கிண்ணங்கள் ஆகிவிடும். தடி கிண்ணத்தின்மேல் வெறுமனே அமர்ந்திருக்க வேண்டும். நாயின் கால் பட்டதும் விழுந்துவிட வேண்டும். ஆணியடித்தோ கட்டியோ வைத்த தடியில் கால் மாட்டினால் நாய் தலைகுப்புற விழும். நாய் இடையிடையே வளைந்தோடும் கம்பங்கள் பன்னிரண்டும் 60 செ.மீ. இடைவெளியில் நிற்க வேண்டும். முதற்கம்பத்திலிருந்து கடைசிக் கம்பம் வரை 6.6 மீட்டர் நேர்த்தரை தேவை. ஏற்றப்பலகையான சீசா, நடைபாலம், கூரை வடிவ ஏ-பிரேம் ஆகிய மூன்றையும் மட்டும் தெரிந்த தச்சரிடமோ வெல்டிங் பட்டறையிலோ உறுதியாகச் செய்து வாங்குங்கள். நாயின் எடை முழுவதும் உயரத்தில் அவற்றின்மேல் இருக்கும் என்பதால் அரைகுறைப் பொருள் ஆபத்து. பலகைக்குப் பூசும் கடைசிப் பெயிண்டின்மேல் சலித்த மணலைத் தூவிக் காயவிட்டால் நகங்களுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

தென்னந்தோப்பில் பயிற்சி செய்வதில் ஒரு வசதி உண்டு. இருபத்தைந்து அடிக்கு ஒரு மரம் என்று நட்ட தோப்பில், மர வரிசையே தடைகளுக்கு இடையிலான தொலைவை ஏறத்தாழ அளந்து கொடுத்துவிடுகிறது. ஆனால் மரத்தடியில் ஓடக்கூடாது. காய் விழும், மட்டை விழும். மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியின் கரையில் முன்னங்கால் மடங்கும். சொட்டுநீர்க் குழாய் காலில் சிக்கும். வரிசைகளுக்கு நடுவிலுள்ள சால் அல்லது தோப்பின் ஓரத்துத் திறந்த புல்தரை போதும், அதையும் ஒவ்வொரு நாளும் வெறுங்காலோடு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் நாயை விட வேண்டும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று தடிகளைத் தானாகவே தள்ளிவிடும், நாய் புகுந்து ஓடும் குழாயான டனலையும் உருட்டிவிடும். மணல் நிரப்பிய சாக்குகளை டனலின் இருபுறமும் அணைத்து வைத்து, பலகைகள் ஈரமாக உள்ள நாள்களில் தரைப் பயிற்சி மட்டும் செய்தோம்.

இனி சொற்களுக்கு வருகிறேன். குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து பேசி, நாய்க்கான சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள். ‘வா’ இரு மொழியிலும் ஒன்றே. அதில் தொல்லை இல்லை. ‘இரு’, ‘இரி’ இரண்டையும் களத்திலிருந்து நீக்கிவிட்டு, பொறுத்திருக்க ‘நில்’ என்றும் உட்கார ‘குந்து’ என்றும் வைத்துக்கொண்டோம். மாமியாருக்கு அது கைவர ஒரு வாரம் ஆயிற்று; இப்போது எங்களைவிடத் திருத்தமாகச் சொல்கிறார். டனல், சீசா, ஏ-பிரேம் ஆகியவற்றுக்கு ஒன்றோடொன்று ஒலியில் ஒட்டாத ஓரசை ஈரசைச் சொற்களே போதும்.

ஆனால் ஓடும் நாய்க்குச் சொல் இரண்டாம்பட்சம்தான். அது நம் உடலைத்தான் படிக்கிறது. குறிப்பாகத் தோளையும் பாதத்தையும். இதை நான் கற்றது என் முதல் போட்டியில். ஐந்தாம் தடைக்குப்பின் இடப்புறம் திரும்ப வேண்டும்; வாயால் சரியாகத்தான் அழைத்தேன், ஆனால் அடுத்த தடையின் எண்ணைப் பார்க்க என் தலையும் வலத்தோளும் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பிவிட்டன. செம்பி என் தோள் காட்டிய திசையிலிருந்த டனலுக்குள் நேராகப் பாய்ந்து, மறுமுனையில் வெளியே வந்து, வாலாட்டிக்கொண்டு என்னைத் தேடியது. வரிசை தவறியதால் வெளியேற்றம். அது என் உடல் சொன்னதைச் சரியாகவே செய்திருந்தது.

அதனால் நாயில்லாமல் நீங்கள் ஓடிப் பழகுவதுதான் பயிற்சியின் முதற்பாதி. ஐந்து தடைகளை வைத்து, நாய் பக்கத்தில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு ஓடுங்கள். வீட்டிலுள்ள யாராவது செல்போனில் படம் எடுக்கட்டும். நாயின் முன்னே சென்று, அதன் முகத்தைப் பார்த்தபடி உடலைத் திருப்பிக் கைமாற்றுவதை ஃப்ரண்ட் கிராஸ் என்பர். நாய் முந்திச் சென்றபின் அதன் பின்புறமாகக் குறுக்கே கடந்து பக்கம் மாறுவது ரியர் கிராஸ். முன்னதில், நாய் தாண்டத் தொடங்கும் முன்பே திரும்பி முடித்திருக்க வேண்டும். அது காற்றில் இருக்கும்போது திரும்பினால், இறங்கும் இடத்தை நடுவானில் மாற்ற முயன்று தடியைத் தட்டிவிடும். பின்னதில், நாய் தடையை உறுதியாகக் குறிவைத்த பிறகுதான் பின்னால் கடக்க வேண்டும். அவசரப்பட்டால் அது தலையைத் திருப்பி நம்மைத் தேடும், மறுப்பாகிவிடும். மூட்டுவலி உள்ளவர்களும் வேகமாக ஓட முடியாதவர்களும் ரியர் கிராஸை நன்றாகப் பழகிக்கொண்டால் வேகமான நாயையும் ஓட்டலாம்.

பலகைத் தடைகளில் பொறுமை மிகமிகத் தேவை. இறங்கும் முனையில் சீசாவுக்கும் நடைபாலத்துக்கும் 90 செ.மீ., ஏ-பிரேமுக்கு 106 செ.மீ. அளவுக்கு வேறு வண்ணம் பூசியிருக்கும். நாயின் ஒரு பாதமாவது அதில் பட்டாக வேண்டும். பின்னங்கால்கள் பலகையிலும் முன்னங்கால்கள் தரையிலுமாக நின்று, நாம் விடுவிக்கும்வரை காத்திருக்கக் கற்றுத்தருவது தொடக்கநிலையில் பாதுகாப்பான வழி. தரையில் கிடத்திய பலகையின் கடைசி இரண்டடியில் மட்டும் இதைப் பல நாள் பழக்கி, வேகவைத்த கோழி ஈரலின் சிறு துண்டை எப்போதும் தரைமட்டத்தில் வைத்துக் கொடுங்கள். கையை உயர்த்திக் கொடுத்தால் நாய் தலையைத் தூக்கி நிலையை விட்டுவிடும். சீசாவில் நாயை அச்சுறுத்துவது பெரும்பாலும் உயரமன்று, பலகை தரையில் அறையும் ஓசை. அந்த முனைக்கடியில் பழைய மெத்தைத் துண்டைப் போட்டு, பலகையை ஒரு விரற்கடை மட்டும் இறங்கவிட்டு, வாரங்கள் செல்லச் செல்ல மெத்தையின் கனத்தைக் குறைத்து வந்தோம். செம்பி பலகையின் நடுவை அடைந்ததும் நகங்களை ஊன்றி, காதுகளைப் பின்தள்ளி, பலகை சாயும் அந்த ஒரு கணத்துக்காக மூச்சைப் பிடித்து நிற்பது எனக்கு இன்றும் வியப்பே.

வளைந்தோடும் கம்பங்களில் நுழைவுதான் எல்லாம்: முதற்கம்பம் நாயின் இடத்தோளை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு கம்பங்களில் தொடங்கி, எந்தக் கோணத்திலிருந்து அனுப்பினாலும் சரியாக நுழையும் வரை எண்ணிக்கையை ஏற்றாதீர்கள்.

வெயிலையும் உண்ணியையும் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை முழுமை பெறாது. மாசி முதல் வைகாசி வரை காலை ஏழரைக்கு மேல் பயிற்சி வேண்டாம். ஒரு வேளைக்கு நான்கைந்து சிறு ஓட்டங்கள், நடுவே நிழலில் ஓய்வு. நாக்கு அகன்று தொங்கினாலோ, ஈறு கருஞ்சிவப்பானாலோ, நடை தள்ளாடினாலோ உடனே நிறுத்தி, உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் காற்றோட்டத்தில் வைத்து, அதன்பின் மருத்துவரிடம் விரைய வேண்டும். தோப்பிலிருந்து திரும்பியதும் காது மடலின் உட்புறம், கால்விரல் இடுக்கு, வாலடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மார்கழியில் செம்பி தொடர்ந்து தடிகளைத் தட்டியது. கவனக்குறைவு என்று எண்ணிப் பயிற்சியைக் கூட்டினேன். நான்காம் நாள் அதன் மூக்கிலிருந்து இரத்தம் கசிந்தது. உண்ணிக் காய்ச்சல், இரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. ஒரு மாத மருந்துக்குப்பின் அது தேறியது, ஆனால் அந்த மூன்று நாள் பயிற்சியை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு வலிக்கிறது. நன்றாக ஓடும் நாய் காரணமின்றிச் சோர்ந்தால் முதலில் ஈறின் நிறத்தையும் உடல்வெப்பத்தையும் பாருங்கள். உடல்வெப்பம் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்று களம் வேண்டாம்.

போட்டிக்கு முதல் நாள் ஓய்வு கொடுத்து, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றை வண்டியில் எடுத்து வையுங்கள். எல்லை தாண்டிப் போகும்போது அது கையில் இருந்தாக வேண்டும். வீட்டுத் தண்ணீரையே கொண்டுபோனால் வயிறு கெடாது. ஓட்டத்துக்கு முன் சில நிமிடங்கள், நாயில்லாமல் தடைவரிசையை நடந்து பார்க்க விடுவார்கள். அப்போது எண்களை மனப்பாடம் செய்வதோடு நிற்காமல், ஒருமுறை நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து, ஒவ்வொரு தடையையும் தாண்டி இறங்கியதும் அதன் எதிரே எது தெரிகிறது என்று பாருங்கள். பொறியான டனல் வாய் அங்கேதான் தெரியும். அடுத்த முறை உங்கள் காலடிகளை மட்டும் நடந்து, எங்கே பக்கம் மாறுவது என்று முடிவு செய்யுங்கள். பையில் ஈரல் துண்டு மிச்சம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள், அதற்காகவே வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு.

ஓடி முடித்ததும் கூட்டத்தில் நிறுத்திவிடாமல் பத்து நிமிடம் கயிற்றோடு மெல்ல நடத்தி, மூச்சு சீரான பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். வீடு திரும்பியதும் ஒவ்வொரு பாதத்தையும் விரித்து முள்ளும் வெடிப்பும் பாருங்கள், தோளிலும் தொடையிலும் கைவைத்து அழுத்தி நாய் எங்காவது சுளிக்கிறதா என்று கவனியுங்கள். மறுநாள் காலையில் தடி எதையும் நிறுத்தாமல், வாய்க்கால் கரையோரம் அதன் போக்கில் மோப்பம் பிடித்து நடக்க விடுங்கள்.