பூச்சியைத் துரத்தாதீர்கள், செடியிடம் நில்லுங்கள்: ஆஸ்திரேலிய புஷ்ஷில் படம்பிடிக்க ஒரு தொடக்கம்

கேமராவோடு முதன்முதலாக புஷ்ஷுக்குள் போகிறவர்கள் செய்யும் தப்பு, நடந்துகொண்டே இருப்பது. (புஷ் என்றால் வெறும் புதர் இல்லை. யூகலிப்டஸும் முள்செடியும் மண்டிய காட்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்.) நானும் முதல் கோடையில் கால் வலிக்க நடந்து, பறந்துபோகும் வண்ணத்துப்பூச்சிகளின் பின்புறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவன்தான். பூச்சி எப்படியும் செடியைத் தேடி வரும். நீங்கள் அதற்கு முன்பே அங்கே இருந்தால் போதும்.

1. பூத்த செடி ஒன்றைப் பிடியுங்கள்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் மிச்சமிருக்கும் கம்பர்லாந்து சமவெளிக் காடுகளில் பர்சேரியா என்ற முள்செடி எங்கும் உண்டு. இங்கே கோடைக்காலமான டிசம்பர், ஜனவரியில் பொடிப்பொடி வெள்ளைப் பூக்களாகப் பூத்துக் குலுங்கும். செடி இடுப்பளவோ தலையளவோதான் இருக்கும் என்பதால் புதியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. யூகலிப்டஸ் பூவிலும் பூச்சி மொய்க்கும். ஆனால் அது பத்து மீட்டர் உயரத்தில் நடக்கும், நமக்கு உபயோகமில்லை. வசந்தகாலத்தில் போகிறீர்கள் என்றால் டீ ட்ரீ செடியைத் (தேயிலை இல்லை, இங்கே காட்டில் வளரும் ஒரு புதர்) தேடுங்கள்.

செடியருகே ஒரு மணி நேரம் நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் எதுவுமே தெரியாது, பிறகு கண் பழகிவிடும். சிறுவயதில் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்தோமே, அந்தப் பொன்வண்டின் உறவினர்கள் பூவில் தலை புதைத்து உட்கார்ந்திருக்கும். ஒருவகைக் குளவியில் ஆண், இறக்கையே இல்லாத பெண்ணைச் சுமந்துகொண்டு பூவுக்கு வரும். முதலில் பார்த்தபோது ஏதோ இரையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று நினைத்தேன்.

2. மண்டியிடும் முன் தரையைப் பாருங்கள்

நீளக் கால்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகியபடி. மூடிய காலணி, தொப்பி, தண்ணீர். கிழக்குக் கடற்கரைப் பகுதியில் உண்ணி உண்டு. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, கழுத்து, காது மடலுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள்.

பாம்பைவிட எனக்கு அதிகம் தொல்லை கொடுத்தது புல் ஆன்ட் (bull ant) என்ற எறும்பு. நம் கட்டெறும்பைவிடப் பெரியது, கண் கூர்மையானது. தாடையால் கவ்விக்கொண்டு பின்பக்கத்துக் கொடுக்கால் கொட்டும். ஒரு வண்டுக்காக அதன் புற்றின்மேலேயே மண்டியிட்டேன். வண்டும் கிடைக்கவில்லை, இரண்டு நாள் முட்டி வீங்கிக் கிடந்தது. சிலருக்கு இந்தக் கடி கடுமையான ஒவ்வாமையைத் தரும். மூச்சுத் திணறினால் யோசிக்காமல் 000-க்கு அழையுங்கள்.

3. கேமரா

கைபேசியே போதும். மேலே கவ்வும் சின்ன மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்க உதவுவது) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பூச்சியிடமிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டியிருக்கும். தேனீ அதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாது. தனிக் கேமரா இருந்தால் 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் நல்லது, எட்டி நின்றே எடுக்கலாம்.

தொடக்க அளவுகள்: எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 8 முதல் 11, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 200 முதல் 400, கூடவே ஃபிளாஷ். ஃபிளாஷ் வெளிச்சம் நேராக விழுந்தால் வண்டின் முதுகு கண்ணாடிபோல் வெளிறிப் போகும். சமையலறை பேக்கிங் பேப்பரை மடித்து அதன் முன்னால் ஒட்டுங்கள். காசு கொடுத்து வாங்கியதைவிட அதுதான் எனக்கு இன்றுவரை உழைக்கிறது.

தானியங்கி ஃபோகஸை அணைத்துவிடுங்கள். தூரத்தை ஒருமுறை நிலைநிறுத்திவிட்டு உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, பூச்சியின் கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். கண் தெளிவாக இருந்தால் கால் மங்கினாலும் பரவாயில்லை.

4. தூங்கும் தேனீயை எடுங்கள்

பகலில் நீலப்பட்டைத் தேனீயை எடுக்க முயன்று நொந்தவர்கள் அதிகம். ஒரு பூவில் ஒரு நொடிகூட நிற்காது. அந்திக்கு வாருங்கள். இந்தத் தேனீக்களுக்குக் கூட்டுக் குடும்பம் இல்லை. பெண் மண்ணில் தனித்தனியே வளை தோண்டும். ஆண்கள் இருட்டும் வேளையில் ஒரு காய்ந்த குச்சியைத் தேர்ந்தெடுத்து, தாடையால் அதைக் கவ்வியபடி வரிசையாகத் தொங்கித் தூங்கும். ஆண் தேனீக்குக் கொடுக்கு கிடையாது, அதனால் பயமின்றி நெருங்கலாம். பெரும்பாலும் அடுத்த நாளும் அதே குச்சிக்கே வரும் என்பதால், இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் சூரியன் ஏறும் முன் போங்கள். உடம்பு சூடேறும்வரை அசையாது. வயிற்றிலுள்ள நீலப் பட்டைகள் அப்போதுதான் நிதானமாகக் கிடைக்கும்.

நவம்பர் இரவுகளில் டார்ச்சோடு மரத்தடிகளையும் பாருங்கள். மண்ணுக்குள் பல வருடம் வேர்ச்சாறு குடித்து வளர்ந்த சில்வண்டு மேலேறி வந்து, முதுகு பிளந்து, வெளிர்ப்பச்சையாக வெளியே வரும். சிறகு விரிந்து உலர வெகுநேரம் ஆகும் என்பதால் அவசரமே இல்லை. அந்த நேரத்தில் தொட்டால் மட்டும் சிறகு கோணிவிடும்.

5. தொடாதீர்கள்

யூகலிப்டஸ் கிளையில் கறுப்புப் புழுக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டு, தட்டினால் வாலை ஆட்டினால் அவை ‘ஸ்பிட்ஃபயர்’. சீண்டினால் வாயிலிருந்து மஞ்சள் திரவம் கக்கும். முகர்ந்தால் அசல் நீலகிரித் தைல வாசம்! தின்ற இலையின் எண்ணெய் அது. இவற்றால் ஆபத்தில்லை. முடி அடர்ந்த கம்பளிப்பூச்சிகள் அப்படியல்ல, முடி பட்டால் அரித்தே தீர்த்துவிடும். கட்டையைப் புரட்டினால் மெதுவாக, இருந்தபடியே திருப்பி வையுங்கள். அதுதான் பலருக்கு வீடு.

6. பெயர் கண்டுபிடிக்க

ஒரே பூச்சியை மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக என்று மூன்று படம். அது இருந்த செடிக்கு ஒரு படம். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடத்தோடு ஏற்றுங்கள். தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். நான் ‘தேனீ’ என்று ஏற்றிய முதல் படத்துக்கு வந்த பதில், “இறக்கையை எண்ணிப் பாருங்கள்.” தேனீக்கு நான்கு, அதற்கு இரண்டுதான். மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு ஏமாற்றிய ஈ.