வீட்டை விரிவாக்கிய பிறகு ஃப்ளஷ் டேங்க் வழிகிறதா? புது செட் வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்

கூடுதலாக ஓர் அறை, அதில் ஒரு பாத்ரூம், அதற்காகப் பழைய லைனை வெட்டி ஒட்டிப் புதுக்குழாய் இழுத்திருப்பார்கள். எல்லாம் முடிந்த கொஞ்ச நாளில், இத்தனை வருடம் ஒழுங்காக இருந்த பழைய ஃப்ளஷ் டேங்க் ராத்திரி பகலாக வழிய ஆரம்பிக்கும். உடனே உள்ளே இருக்கும் சாமான் மொத்தத்தையும் மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். டேங்க் மாறவில்லை, அதற்கு வரும் தண்ணீர்தான் மாறியிருக்கிறது. ஒன்று, குழாயில் குப்பை வந்திருக்கும். இல்லையென்றால் பிரஷர் ஏறியிருக்கும்.

ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய டூத் பிரஷ், பிளாஸ்டிக் டம்ளர், துணி போதும்.

முதலில் டேங்க் மூடியைக் கழற்றி, தரையில் துணி விரித்துப் படுக்க வையுங்கள். பீங்கான் மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தால் வழுக்கி உடையும், அப்புறம் அதே அளவில் மூடி மட்டும் தேடி அலைய வேண்டும். உள்ளே நடுவில் மேல்பக்கம் திறந்த ஒரு குழாய் நிற்கும், அதுதான் ஓவர்ஃப்ளோ குழாய். தண்ணீர் அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கினால் கோளாறு தண்ணீர் வரும் பக்கம். மட்டம் விளிம்புக்குக் கீழேயே இருந்தும் கோப்பைக்குள் ஒழுகினால், டேங்கின் அடியில் தண்ணீரை அடைத்து நிற்கும் ரப்பர் போய்விட்டது. அதை மாற்றினால் சரி.

வழிவது உறுதியா? மிதவையைக் கையால் மெதுவாக மேலே தூக்குங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் வேலை சுலபம்: மிதவையின் ஸ்க்ரூவையோ கிளிப்பையோ நகர்த்தி, தண்ணீர் ஓவர்ஃப்ளோ விளிம்புக்குச் சுமார் 2.5 செ.மீ. கீழே நிற்கும்படி வையுங்கள். வேலையின்போது டேங்கைக் கழற்றி மாட்டியிருந்தால் மிதவை சுவரில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

தூக்கிப் பிடித்தும் 'உஸ்' சத்தம் நிற்கவில்லையா, அப்படியென்றால் குப்பைதான். ஆங்கிள் வால்வை, அதாவது டேங்குக்குப் போகும் தண்ணீரைச் சுவரில் நிறுத்தும் சின்ன வால்வை மூடுங்கள். அது இறுகிப்போயிருந்தால் பிளையர் போட்டு முறுக்க வேண்டாம், மெயின் லைனை மூடிவிடுங்கள். டேங்குக்குள் தண்ணீர் வரும் வால்வின் தலையில் ஒரு மூடி இருக்கும், பல மாடல்களில் கொஞ்சம் திருகினாலே கழன்றுவிடும். உள்ளே சின்ன ரப்பர் வட்டம். அதன் மேல் என்ன இருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள்: பொடி மணல், சிமெண்ட் துகள், பிவிசி குழாயை அறுத்தபோது விழுந்த வெள்ளைச் சுருள், டெஃப்லான் டேப்பின் நூல். ரப்பருக்கும் அது போய் உட்காரும் விளிம்புக்கும் நடுவே இதில் ஒன்று மாட்டினாலும் வால்வு முழுசாக மூடாது. ரப்பரை பிரஷ்ஷால் கழுவுங்கள். நடுவில் ஊசித்துளை இருந்தால் அதைக் குத்திப் பெரிதாக்கிவிடாதீர்கள், அந்தத் துளையின் அளவை நம்பித்தான் வால்வே மூடுகிறது. விரலால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால் ரப்பரை மட்டும் மாற்றுங்கள். திரும்ப மாட்டுமுன், திறந்த வால்வின் மேல் டம்ளரைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொருவரைச் சில நொடி தண்ணீர் திறக்கச் சொல்லுங்கள், குழாயில் மிச்சமிருக்கும் மணலும் வெளியே வந்துவிடும். ஆங்கிள் வால்விலிருந்து வரும் டியூப் டேங்கில் இணையும் இடத்தில் வலை இருந்தால் அதையும் கழுவுங்கள்.

சுத்தம் செய்தும் ராத்திரியில் மட்டும், அல்லது பம்ப் ஓடும்போது மட்டும் வழிந்தால் சந்தேகமே வேண்டாம், பிரஷர்தான். தண்ணீர்த் தொட்டியை ஒரு மாடி, அதாவது 3 மீட்டர் உயர்த்தினால் கூடுவது சுமார் 0.3 பார் (பிரஷரை அளக்கும் அலகு) தான், பிரஷர் பம்ப் மாட்டினால் 2 பாருக்கு மேலும் போகலாம். தொட்டித் தண்ணீருக்கென்று செய்த பழைய வால்வு அதைத் தாங்காது. ஆங்கிள் வால்வைப் பாதி மூடினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. தண்ணீர் மெதுவாக வரும், அவ்வளவே. ஓட்டம் நிற்கப் போகும் நேரத்தில் முழு பிரஷரும் ரப்பரில் வந்து நிற்கும். அதிக பிரஷருக்கான வால்வு மாட்டுங்கள், அல்லது லைனில் பிரஷர் குறைக்கும் வால்வு வையுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று. சில பழைய டேங்குகளில் ஓவர்ஃப்ளோ குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும். புது அறை அந்தப் பக்கம் கட்டப்பட்டிருந்தால் அந்த வாய் எங்கே போனது? பூச்சுக்குள் புதைந்திருந்தால் வழியும் தண்ணீர் சுவருக்குள் இறங்கும், பெயிண்ட் உப்பிக் கிளம்பும். அதற்காக அந்தக் குழாயை அடைத்துவிடாதீர்கள், அடைத்தால் தண்ணீர் டேங்கின் விளிம்பில் வழிந்து தரைக்கு வரும். கண்ணில் படும் இடத்துக்கு அதை நீட்டச் சொல்லுங்கள், முடியாவிட்டால் கோப்பைக்குள்ளேயே வழியும் வகைக்கு மாறுங்கள்.

எல்லாம் மாட்டியதும், படுக்கப் போகுமுன் கோப்பையின் பின்பக்க உட்சுவரைத் துடைத்து ஒரு டிஷ்யூ பேப்பரை ஒட்டி வையுங்கள். காலையில் முதலில் போகிறவர் அதைப் பார்க்கட்டும்: காய்ந்திருந்தால் வேலை முடிந்தது. புது பாத்ரூம் டேங்கின் வால்வையும் ஒருமுறை திறந்து கழுவிவிடுங்கள், அதே மணல் அங்கேயும் போயிருக்கும்.