பனி விழுவதற்கு முன்பே நடந்த தவறுகள்: 1856 கைவண்டிப் பயணத்தில் தவிர்த்திருக்க வேண்டியவை

1856 அக்டோபர் 19 அன்று, இன்றைய வயோமிங் மாநிலத்தில் நார்த் பிளாட் ஆற்றைக் கடைசி முறையாகக் கடந்தது மார்ட்டின் குழு என்ற கைவண்டிப் பயணக் குழு. நனைந்த துணியோடு கரையேறும்போதே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. பல நாள் பயணத் தொலைவு முன்னால் போயிருந்த இன்னொரு கைவண்டிக் குழுவான வில்லி குழு அதே நாளில் கடைசி மாவையும் பங்கிட்டு முடித்தது.

இரண்டு குழுவிலும் சேர்த்து ஏறக்குறைய 1,000 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் பிரிட்டனிலிருந்தும் டென்மார்க் போன்ற நாடுகளிலிருந்தும் வந்த ஏழை மோர்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு மதப் பிரிவு) குடும்பங்கள். மாட்டுவண்டிக்கு வசதியில்லாததால் அயோவா சிட்டியிலிருந்து மோர்மன்களின் ஊரான சால்ட் லேக் (இன்றைய யூட்டா மாநிலம்) வரை சுமார் 1,300 மைல் (2,090 கி.மீ.) கைவண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு நடந்தார்கள். வழியில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

குளிர்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அதே ஆண்டு, அதே பாதையில், அதே மாதிரி வண்டிகளோடு போன முதல் மூன்று குழுக்களும் செப்டம்பர் 26, அக்டோபர் 2 தேதிகளில், குறைவான இழப்போடு ஊர் சேர்ந்துவிட்டன. நீண்ட குளிர்ப் பயணத்துக்கு ஆட்களைக் கூட்டிச் செல்லும் யாரும் இந்த வித்தியாசத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

பட்டம் தப்பிப் புறப்பட்டது

நம்மூரில் ஆடிப்பட்டம் தப்பினால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பாதைக்கும் ஒரு பட்டம் உண்டு. சமவெளியில் புல் முளைத்த பிறகுதான் கிளம்பலாம், இல்லாவிட்டால் கூடவரும் சரக்கு வண்டி மாட்டுக்குத் தீனி இல்லை. அக்டோபரில் உயரமான இடங்களில் பனி விழுமுன் ராக்கி மலைத்தொடரின் சவுத் பாஸ் கணவாயைத் தாண்டிவிட வேண்டும்.

முதல் குழு ஜூன் 9 அன்று அயோவா சிட்டியை விட்டது. வில்லி, மார்ட்டின் குழுக்களின் கப்பல்கள் லிவர்பூலிலிருந்து கிளம்பியதே மே மாதத்தில்தான். அயோவா சிட்டிக்கு வந்து சேர்ந்தபோது வண்டியும் கூடாரமும் தயாராக இல்லை. வில்லி குழு ஜூலை 15 அன்றும் மார்ட்டின் குழு ஜூலை 28 அன்றும்தான் நகர்ந்தன.

திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு நெப்ராஸ்காவின் ஃப்ளோரன்ஸ் முகாமில் கிடைத்தது. அங்கிருந்து சால்ட் லேக் போக முந்தைய குழுக்களுக்கு ஏறக்குறைய 65 முதல் 70 நாள் ஆகியிருந்தது. வில்லி குழு ஆகஸ்ட் 17 அன்று கிளம்பினால், மாடு காணாமல் போகாமல், வண்டி உடையாமல், யாருக்கும் காய்ச்சல் வராமல் நடந்தால்கூட அக்டோபர் கடைசி வாரம் ஆகிவிடும். விரல்விட்டு எண்ணினாலே தெரிகிற கணக்கு இது. அந்தப் பாதையை அறிந்த லீவை சாவேஜ் ஆகஸ்ட் 13 கூட்டத்தில் எழுந்து, குளிர்காலத்தை இங்கேயே கழித்துவிட்டுப் போகலாம் என்றார். கூட்டம் கை உயர்த்திப் போவதென்று முடிவெடுத்தது. கை உயர்த்தியவர்களில் மிகப் பெரும்பாலோர் ராக்கி மலைத்தொடரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அப்படியும் சாவேஜ் அவர்களோடுதான் போனார்.

கிளம்பும் தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது. கடைசி ஆபத்தான இடத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தாமதத்துக்கென்று குறைந்தது இரண்டு வாரம் தனியாக ஒதுக்க வேண்டும். அது கையில் இல்லையென்றால் அந்த ஆண்டு பயணம் இல்லை. கூட்டம் எவ்வளவு ஆவலாக இருந்தாலும் இதை வாக்கெடுப்புக்கு விடக் கூடாது.

பச்சை மரத்தில் வண்டி

அவசரத்துக்குச் செய்த வண்டிகள் பல உலராத மரத்தால் ஆனவை. ஈரப்பதம் நிறைந்த அயோவாவில் இறுக்கமாக நின்ற சக்கரம், நெப்ராஸ்காவின் வறண்ட காற்றில் காயக் காயச் சுருங்கியது. சக்கரத்தின் நடுக் குடத்திலிருந்து ஆரக்கால்கள் தளர்ந்தன, வெளி வட்டை கழன்றது. மேலே இரும்புப் பட்டை கட்டாத சக்கரங்களில் தேய்மானம் இன்னும் வேகமாக நடந்தது. மர அச்சும் மரக் குடமும் உரசும் இடத்தில் மணல் புகுந்து, உப்புத்தாள் போல அரைத்துத் தள்ளியது.

வண்டி மை போதவில்லை. பன்றிக்கொழுப்பையும் சோப்பையும் தடவினார்கள். பூட்ஸின் மேல்தோலை அறுத்து அச்சில் சுற்றினார்கள், பாத்திரத் தகரத்தை வெட்டி அடித்தார்கள். கொழுப்பும் பூட்ஸும் சமையல் பாத்திரமும் இரண்டு மாதம் கழித்து உயிர்காக்க வேண்டியவை. அத்தனையும் அச்சுக்குப் போனது.

மாடு குறைந்தபோது சிக்கல் இரட்டிப்பானது. ஃப்ளோரன்சிலேயே ஒவ்வொரு கைவண்டியிலும் 98 பவுண்டு (44 கிலோ) மாவு மூட்டை ஒன்று கூடுதலாக ஏற்றப்பட்டிருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் வில்லி குழுவின் சுமார் 30 மாடுகள் மிரண்டு ஓடிவிட, சரக்கு வண்டிகளை இழுக்க மாடில்லாமல் மாவு மறுபடியும் கைவண்டிகளுக்கே வந்தது. ஏற்கெனவே தளர்ந்த சக்கரத்தின் மேல்தான் அந்தப் பாரமும் விழுந்தது.

போர்வையை எரித்தது

என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தில் மனதை மிகவும் வதைக்கும் முடிவு இதுதான். ஆளுக்கு 17 பவுண்டு (7.7 கிலோ) சாமான் என்பது தொடக்க அனுமதி, படுக்கை, உடை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆட்கள் பலவீனமாகி வேகம் குறைந்தபோது, அக்டோபர் 17 அன்று டீர் கிரீக்கில் மார்ட்டின் குழு அதை 10 பவுண்டாகவும், சிறு பிள்ளைகளுக்கு 5 பவுண்டாகவும் குறைத்தது. போர்வைகளையும் கனத்த உடைகளையும் குவித்து எரித்தார்கள். இரண்டே நாளில் பனி வந்தது.

சுமை குறைக்க நினைத்தது தவறில்லை, குறைத்த வரிசைதான் தவறு. கழிக்க வேண்டுமானால் இரும்புச் சாமான், புத்தகம், மாற்றுப் பாத்திரம், கடைசியில் வண்டியே போகலாம். இரவில் உடலோடு ஒட்டிக் கிடக்கும் எதையும் கழிக்கக் கூடாது. இரண்டு வண்டிச் சாமானை ஒரு வண்டியில் சேர்த்து, நால்வர் இடத்தில் எட்டுப் பேர் மாறி மாறி இழுத்திருக்கலாம்.

மாவை மட்டும் நம்பியது

தொடக்கத்தில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு மாவு. அதில் ஏறக்குறைய 1,650 கலோரிதான் இருக்கிறது. நாள் முழுக்க வண்டி இழுக்கும் உடம்புக்கு இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், குளிரில் இன்னும் கூடுதல். அக்டோபர் நடுவில் வில்லி குழு ஆண்களுக்கு பத்தரை அவுன்ஸ் (சுமார் 300 கிராம்), பெண்களுக்கு 9 அவுன்ஸ் என்று குறைத்தபோது அது ஆயிரத்துச் சொச்சம் கலோரியாக இறங்கியது. கொழுப்பில்லாத உடம்பு இரவில் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. மாலையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. ஆண்கள் அதிகமாக இறந்தார்கள்: கனத்த வேலை அவர்களுடையது, தங்கள் பங்கில் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்தவர்களும் உண்டு.

வழியிலிருந்த லாரமி கோட்டையில் சரக்கு காத்திருக்கும் என்று நம்பியே வந்தார்கள், எதிர்பார்த்தது அங்கே இல்லை. இன்னும் இரண்டு குழு பின்னால் வருகிறது என்ற செய்தியே சால்ட் லேக் நகரை அக்டோபர் 4 அன்றுதான் எட்டியது. அதற்குப் பின் அந்நகர மக்கள் செய்தது அருமையான வேலை: மூன்றே நாளில், அக்டோபர் 7 அன்று, முதல் மீட்பு வண்டிகள் கிளம்பிவிட்டன. அந்த வண்டிகள் 21 அன்று வில்லி குழுவை அடைந்திருக்காவிட்டால் சாவு எண்ணிக்கை பல மடங்காகியிருக்கும். எதிர்முனையில் இருப்பவர் ஒப்புக்கொண்ட பதில் கைக்கு வராதவரை, வழியில் கிடைக்கும் உணவு என்று எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஈரம், முகாம், கடைசி உணவு

குளிரை விட ஈரம் வேகமாகக் கொல்லும். பனிக்கட்டி மிதக்கும் ஆற்றைக் கடக்கும் முன் எதிர்க்கரையில் நெருப்பு எரிய வேண்டும், மாற்றுக் காலுறை தலைச்சுமையாக நனையாமல் போக வேண்டும், கடந்ததும் அன்றைய நடை அங்கேயே முடிய வேண்டும். தரை உறைந்த பிறகு கூடார முளை இறங்காது. மார்ட்டின் குழுவினர் தகரத் தட்டால் பனியைச் சுரண்டித்தான் படுக்க இடம் செய்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே, காற்று மறைவும் விறகும் உள்ள இடத்தில் நின்றுவிட வேண்டும்.

இதைச் சொல்லும்போது ராக்கி ரிட்ஜ் நினைவுக்கு வராமல் போகாது. அக்டோபர் 23 அன்று வில்லி குழு எதிர்க்காற்றில், பனியில், அந்த மேட்டை ஏறியது. கடைசி ஆட்கள் முகாம் சேர விடியற்காலை ஆனது. 11 வயதுப் பையன் ஒருவன் 4 வயதுத் தம்பியைச் சுமந்து வந்து நெருப்பருகே இறக்கிவிட்டு, அங்கேயே விழுந்து இறந்தான். மறுநாள் 13 பேரை ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள்; குழி தோண்டியவர்களில் இருவர் பிறகு இறந்தார்கள். அந்த மேட்டிலேயே நின்றிருந்தால் விறகும் இல்லை, மறைவும் இல்லை. அந்த ஒரு நாளைப் பொறுத்தவரை அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உதவி வந்த பிறகும் ஒரு தவறு நடக்கலாம். பட்டினி கிடந்தவருக்கு வயிறு முட்டக் கொடுத்தால் உடலின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடக்கூடும். 1847இல் சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கி மீட்கப்பட்ட டானர் குழுவின் 12 வயதுச் சிறுவன் வில்லியம் ஹூக், அப்படி அளவு மீறிச் சாப்பிட்டுத்தான் இறந்தான். முதல் நாள் நீர்த்த கஞ்சியோ சூப்போ சிறிது சிறிதாக, பல வேளையாகக் கொடுக்க வேண்டும். உறைந்த விரலைப் பனியால் தேய்ப்பது அக்கால வழக்கம், அது தசையைக் கிழித்துவிடும். கை பொறுக்கும் வெந்நீரில் வைத்துத்தான் இளக்க வேண்டும், அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான பிறகே. மேலும் நடந்தாக வேண்டிய நிலையென்றால் உறைந்த காலோடு நடக்க விடுவதே மேல்.