கருவி ஃபைலை அனுப்புகிறது, சரி. யார் பெயரில்?

கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியின் கணினியில் பென் டிரைவ் செருகி ரிசல்ட் எடுக்கும் பழக்கத்தை நிறுத்திவிடலாம் என்று ஒருநாள் லேபில் முடிவாகும். சர்வரில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, ரன் முடிந்ததும் ரிப்போர்ட் தானாக அங்கே போய்ச் சேரும்படி அமைக்க வேண்டும். பத்து நிமிட வேலைதான், முடிந்தும்விடும். ஒன்றரை மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

ஒன்றரை மாதம் என்று சும்மா சொல்லவில்லை. விண்டோஸில் பாஸ்வேர்டுக்கு இயல்பாக இருக்கும் ஆயுள் 42 நாள். அவசரத்தில் சீனியர் கெமிஸ்டின் லாகினையோ, அமைக்க வந்தவரின் லாகினையோ கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் பாஸ்வேர்டை மாற்றியதும் கருவி வெளியே நிற்கும். வேலையை விட்டுப் போனால் கணக்கே மூடப்படும், அப்போதும் அதே கதை. இந்த வேலையில் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை நெட்வொர்க் பழுதே இல்லை. கருவி யார் பெயரில் எழுதுகிறது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்காததால் வந்தவை.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கணக்கு. அதற்கு அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் உரிமை. பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், காலாவதி வேண்டாம். ஐ.டி. விதி அதற்கு இடம் தராவிட்டால் மாற்றும் தேதியை லேபின் காலிபரேஷன் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். பாஸ்வேர்டே வேண்டாம், கெஸ்ட்டாக உள்ளே வரட்டும் என்ற குறுக்குவழி இனி செல்லாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எம்பி (விண்டோஸில் ஃபோல்டர் ஷேர் செய்யும் முறை) இணைப்புகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட்டால் கையொப்பம் இட முடியாது. நேற்றுவரை ஓடியது அப்டேட்டுக்கு அப்புறம் ஓடவில்லை என்றால் இதையும் பாருங்கள்.

அடுத்தது இசட் டிரைவ். ஷேரை ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட் செட்டிங்கில் அதைக் கொடுப்பார்கள். சோதித்தால் வேலை செய்யும். ஆனால் அந்த மேப்பிங் லாகின் செய்த பயனருக்கு மட்டுமே உரியது. எக்ஸ்போர்ட் வேலையைச் செய்யும் மென்பொருள் பின்னணியில் சர்வீஸாக ஓடினால் அதற்கு இசட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆட்கள் லாக் ஆஃப் செய்துவிட்டுப் போன இரவில் ஓடிய பதினைந்து இன்ஜெக்ஷன்களின் (கருவிக்குள் சாம்பிள் செலுத்தும் முறைகளின்) ரிப்போர்ட் மட்டும் காணாமல் போவது இதனால்தான். சர்வர் பெயரோடு தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள், சர்வீஸையும் அந்தத் தனிக் கணக்கிலேயே ஓட விடுங்கள். பாதையில் ஐபி எண்ணைவிட சர்வர் பெயர் நல்லது. எண் மாறக்கூடியது.

இனி உரிமைகள். ஷேருக்கு ஓர் அனுமதி, டிஸ்கின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஓர் அனுமதி என்று இரண்டு அடுக்கு உண்டு. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். இது தெரியாமல் ஒன்றை மட்டும் திறந்து பார்த்து, எழுத முடியவில்லை என்றதும் கோபத்தில் இரண்டிலும் 'எவ்ரிஒன்', 'ஃபுல் கன்ட்ரோல்' போட்டுவிடுவார்கள். பிறகு எந்த மேசையிலிருந்தும் எந்த ரிப்போர்ட்டையும் யாரும் அழிக்கலாம். ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். ஃபைல்களைப் பூட்டிவிடும் ரான்சம்வேர் வந்தால் கேள்வியே கேட்காது.

'அப்படியானால் அழிக்கும் உரிமையை எடுத்துவிடலாமே' என்று தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன், எக்ஸ்போர்ட் நின்றது. பல மென்பொருள்கள் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றுகின்றன. பெயர் மாற்ற அழிக்கும் உரிமையும் வேண்டும். எனக்குச் சரிப்பட்டது இரண்டு ஃபோல்டர் ஏற்பாடு. முதலாவதில் கருவி தன் விருப்பப்படி எழுதும். சர்வரில் ஓடும் ஒரு சிறு வேலை அதை எடுத்து, கருவிக்கும் கெமிஸ்ட்டுகளுக்கும் படிக்கும் உரிமை மட்டும் உள்ள இரண்டாவதில் வைக்கும்.

அந்தச் சிறு வேலையிலும் குழிகள் உண்டு. பாதி எழுதிய ஃபைலை எடுத்துவிடக் கூடாது; ஒரு நிமிடமாவது அளவு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி பயன்படுத்தினால் மிரர் வசதியைத் தொடாதீர்கள். மூல ஃபோல்டரை யாராவது காலி செய்தால் அது நகலையும் காலி செய்யும். இன்னொன்று, பூட்டிய ஃபைல் கிடைத்தால் ரோபோகாப்பி இயல்பாகப் பத்து லட்சம் முறை, 30 விநாடி இடைவெளியில் முயலும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வருடம்! மூன்று முறை, பத்து விநாடி என்று குறைத்து வையுங்கள்.

மூல டேட்டாவை நேரடியாக ஷேரில் பதிவு செய்வது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ரன் நடுவில் சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆனால் சாம்பிளோடு சேர்ந்து கதை முடிந்தது. உள்ளூர் டிஸ்கில் பதிவு செய்து, பிறகு நகலெடுங்கள்.

பழைய கருவிகள் தனித் தலைவலி. விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்கு எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 தவிர வேறு தெரியாது. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் எஸ்எம்பி1 இயல்பாகச் செயலில் இருக்காது. உடனே அதைச் சர்வரில் ஆன் செய்துவிடுவார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியது இந்த எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும் பலர் போட்டிருக்கவில்லை. கருவி ஒன்றுக்காக மொத்தச் சர்வரையும் பலி கொடுக்க வேண்டாம். இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள ஒரு கணினியை நடுவில் வையுங்கள். ஒரு பக்கம் எக்ஸ்பி மட்டும், மறுபக்கம் சர்வர். எஸ்எம்பி1 அந்த நடுக்கணினியோடு நிற்கட்டும். விண்டோஸ் 7 கணினிக்கு இந்தச் சுற்று தேவையில்லை, அதற்கு எஸ்எம்பி2 தெரியும்.

சாம்பிள் எண்ணில் சாய்கோடு போடும் பழக்கம் பல லேப்களில் உண்டு. அந்த எண்ணே ஃபைல் பெயரானால் விண்டோஸ் ஏற்காது, இடைக்கோடு போடுங்கள். முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினாலும் பழைய மென்பொருள்கள் திணறும், எனவே ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்காதீர்கள். கருவிக் கணினியின் ஸ்லீப்பை அணைத்து, கடிகாரத்தைச் சர்வரோடு ஒத்திசைய வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை ரன் போட்டு, நடுவில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். அப்புறம் கருவிக் கணினியை ரீஸ்டார்ட் செய்து, யாரும் லாகின் செய்யாமல் விட்டுவிட்டு, பின்னணியில் ஓட வேண்டிய நகல் வேலை தானாகத் தொடங்கி அந்த ரிப்போர்ட்டைச் சேர்த்திருக்கிறதா என்று சர்வரில் போய்ப் பாருங்கள்.