எரிமலை உறங்குகிறதா, தணிந்துவிட்டதா: வெடிக்கும் வாய்ப்பை மதிப்பிடுவது எப்படி?

எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் உள்ள ஹய்லி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23 அன்று வெடித்தது. அதன் சாம்பல் மேகம் செங்கடலையும் அரபிக்கடலையும் கடந்து வட இந்திய வான்வெளி வரை வந்து விமானப் போக்குவரத்தைப் பாதித்தது. அந்த எரிமலை அதற்கு முன் எப்போதேனும் வெடித்ததாக எழுத்துப் பதிவு எதுவும் கிடையாது. செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, தணிந்த எரிமலை என்று பள்ளிப் பாடநூல் பிரித்துக் காட்டும் வகைகள் ஒரு மலையின் கடந்த காலத்தைத்தான் சொல்கின்றன. அது இனி என்ன செய்யும் என்பதை அறிய, வேறு சில கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதற்கேள்வி, அந்த மலை கடைசியாக எப்போது வெடித்தது என்பது. இதற்கு மனிதர் எழுதி வைத்த வரலாற்றை மட்டும் நம்பக்கூடாது. லாவாவின் வயதையும், சாம்பல் படிவுகளையும், அவற்றுக்கு அடியில் புதைந்த மரக்கரியையும் அளந்து புவியியலாளர் தரும் காலக்கணக்கே அடிப்படை. கடந்த சுமார் 11,700 ஆண்டுகளுக்குள், அதாவது கடைசிப் பனியுகம் முடிந்த பிறகு, ஒருமுறையாவது வெடித்த எரிமலையை உயிருள்ளதாகக் கருதுவது பொதுவான வழக்கம். ஜப்பான் இந்தப் பாடத்தைக் கடினமான வழியில் கற்றது. தணிந்துவிட்டதாகப் பலரும் எண்ணியிருந்த ஒந்தாகே மலை 1979இல் வெடித்தபின், உறங்குவது, தணிந்தது என்ற சொற்களையே அந்நாட்டு வல்லுநர்கள் படிப்படியாகக் கைவிட்டனர். 10,000 ஆண்டுகளுக்குள் வெடித்தவை, இன்றும் தீவிரமாக ஆவி கக்குபவை ஆகிய இரண்டையும் செயல்படும் எரிமலைகள் என்றே இப்போது அங்கே கணக்கிடுகிறார்கள். நம் அந்தமானின் பாரன் தீவும் 1832க்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அமைதியாக இருந்துவிட்டு 1991இல் மீண்டும் வெடித்தது. மனித ஆயுளுக்கு நீண்டதாகத் தோன்றும் அமைதி, எரிமலையின் கணக்கில் சிறு இடைவெளியே.

அடுத்ததாக, அடியிலிருந்து பாறைக்குழம்பு வந்துசேரும் வழி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தணிந்த எரிமலையை அடையாளம் காண உண்மையில் உதவுவது இந்தக் கேள்விதான். ஐந்து எரிமலைகள் சேர்ந்து உருவாக்கிய ஹவாய்ப் பெருந்தீவு இதற்கு நல்ல சான்று. நிலத்தட்டு வடமேற்கு நோக்கி நகர்வதால், பாறைக்குழம்பை ஊட்டும், ஆழத்திலுள்ள வெப்பமையத்தை விட்டு முதலில் விலகிய கொஹாலா தணிந்துவிட்டது. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் கடைசியாக வெடித்ததும், உச்சியில் தொலைநோக்கி நிலையங்கள் நிற்பதுமான மௌனா கியா உறங்குகிறது. தென்கிழக்கிலுள்ள கிலாவேயா அடிக்கடி லாவா உமிழ்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டை நிற்கும் பாறையோ சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எரிமலையின் எச்சம்; அதற்குக் குழம்பு ஊட்டிய அமைப்பே அழிந்துவிட்டதால், அங்கே வசிப்பவர் கவலைப்படத் தேவையில்லை.

மூன்றாவதாக, வெடிப்புகளின் சராசரி இடைவெளியைக் கணக்கிடலாம். ஓர் எரிமலை கடந்த 1,000 ஆண்டுகளில் ஐந்து முறை வெடித்திருந்தால், எந்த ஓர் ஆண்டிலும் அது வெடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 0.5 சதவீதம், 30 ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது வெடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம். இது தொடக்க மதிப்பீடு மட்டுமே, ஏனெனில் பல எரிமலைகள் சில காலம் அடுத்தடுத்து வெடித்துவிட்டுப் பிறகு நெடுங்காலம் அடங்கிக் கிடக்கும். "காலக்கெடு தாண்டிவிட்டது" என்று அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலையைப் பற்றி ஆண்டுதோறும் கிளம்பும் செய்திகளும் இந்தச் சராசரியைத் தவறாகப் பயன்படுத்துபவைதான். அங்கே மூன்று பெருவெடிப்புகள், சுமார் 21 லட்சம், 13 லட்சம், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தன. இரண்டே இடைவெளிகளை வைத்துச் சராசரி காண்பதே பலவீனமான முறை. அப்படியே கண்டாலும் கெடு இன்னும் வரவில்லை என்பதுதான் கணக்கில் தெரிகிறது.

நீண்ட அமைதியைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. சிலிக்கா மிகுந்த, பிசுபிசுப்பான குழம்பு கொண்ட எரிமலைகள் அரிதாகவே வெடிக்கும், வெடிக்கும்போது பெரிதாக வெடிக்கும். சுமார் 500 ஆண்டுகள் அடங்கியிருந்த பிலிப்பைன்ஸின் பினதுபோ 1991இல் வெடித்து, ஏறத்தாழ 1.5 கோடி டன் கந்தக டை ஆக்சைடை வளிமண்டலத்தில் ஏற்றி, உலகின் சராசரி வெப்பநிலையையே ஏறத்தாழ அரை டிகிரி தணித்தது.

இவையெல்லாம் நீண்டகால வாய்ப்பைச் சொல்பவை. வரும் வாரங்களில் என்ன நடக்கும் என்பதற்கு நிலநடுக்கம், நிலத்தின் வீக்கம், வாயு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பினதுபோவில் ஏப்ரல் 2 அன்று நீராவி வெடிப்புகள் தொடங்கின. மே 13 அன்று நாளொன்றுக்கு 500 டன்னாக இருந்த கந்தக டை ஆக்சைடு, மே 28க்குள் பத்து மடங்கானது. பிறகு திடீரெனக் குறைந்தது. குறைந்ததைக் கண்டு யாரும் மகிழவில்லை, வாயு வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் கூடுகிறது என்றே அஞ்சினார்கள். ஜூன் 15 அன்று பெருவெடிப்பு நிகழ்வதற்குள் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டிருந்தனர். ஆனால் எல்லா அறிகுறிகளும் வெடிப்பில் முடிவதில்லை: எரிமலைப் பகுதியில் அமைந்த இத்தாலியின் பொட்சுவோலி நகரில் 1982 முதல் 1984 வரை நிலம் சுமார் 1.8 மீட்டர் உயர்ந்து, ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறியும், எரிமலை வெடிக்கவில்லை. ஓர் அறிகுறி மட்டும் தென்பட்டால் காத்திருந்து கவனிப்பதும், மூன்றும் ஒருசேரக் கூடினால் விலகிப்போவதும் முறை.

பாலிக்கோ சுமத்ராவுக்கோ சுற்றுலா செல்பவர் இவற்றைத் தாமே அளக்க முடியாது; அந்நாட்டுக் கண்காணிப்பு மையம் அறிவிக்கும் எச்சரிக்கை நிலையைத்தான் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவில் அது நோர்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ் என நான்கு படிகள் கொண்டது. கீழ்ப்படியில் இருப்பதால் உச்சி வரை ஏறலாம் என்று பொருளாகாது. ஒந்தாகே மீண்டும் 2014 செப்டம்பர் 27 அன்று வெடித்தபோது, அதன் எச்சரிக்கை மிகத் தாழ்ந்த முதல் நிலையில்தான் இருந்தது. நிலத்தடி நீர் சூடேறி நீராவியாக வெடித்ததால் போதிய முன்னறிவிப்பு இல்லை, மாண்டவர்களும் காணாமற்போனவர்களுமாக 63 பேர். மேற்குச் சுமத்ராவின் மராபி 2023 டிசம்பர் 3 அன்று வெடித்து 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபோதும் அது இரண்டாம் நிலையில்தான் இருந்தது, எரிமலை வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் செல்ல வேண்டாம் என்ற அறிவுரையும் நடைமுறையில் இருந்தது. ஆகவே நிலையின் எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், அதனுடன் குறிப்பிடப்படும் விலக்கு எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று படித்து, வழிகாட்டி அதற்குள் அழைத்துச் செல்ல முன்வந்தாலும் மறுத்துவிட வேண்டும்.